ஒரே குழாயில் நாலு சமையலறை

கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்று அலறுகிறவள் இல்லை நான். விளக்குமாற்றைத் தேடுகிறவள். அதுதான் என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும், அதுதானே முறை. ஆனால் இந்த வீட்டுக் கரப்பான்களுக்கு முறையும் தெரியாது, மரியாதையும் தெரியாது. விளக்கைப் போட்டால் ஓட வேண்டுமா இல்லையா? ஓடாது. மீசையை ஆட்டிக்கொண்டு அப்படியே நிற்கும், என்னவோ அதுதான் மாசாமாசம் வாடகை கொடுக்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு மட்டும்தான் தொல்லை என்றால் விளக்குமாறும் கையுமாகக் காலத்தை ஓட்டியிருப்பேன். என் மகளுக்கு மூச்சிரைப்பு. ஆறு வயதுக் குழந்தை, சிட்டு என்று கூப்பிடுவோம். விடிகிற நேரத்தில் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வரும், எழுந்து உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுப்பாள். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை வைப்பார்கள், சரியாகும், மறுபடி வரும். தூசியா, பூனையா, தலையணையா என்று ஒவ்வொன்றாக விசாரித்த டாக்டரம்மா கடைசியில் கேட்டார், வீட்டில் கரப்பான் உண்டா என்று. உண்டாவா, கொள்ளை கொள்ளையாக இருக்கிறது என்றேன். அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் காய்ந்து பொடியாகிக் காற்றில் கலக்கிறது, அதுதான் இந்தக் குழந்தைக்கு ஆகவில்லை என்றார். "அதை ஒழிச்சாத்தான் இவ நெஞ்சு தேறும்மா. மருந்து மட்டும் கொடுத்துட்டே இருந்தா, நான் ஒரு பக்கம் துடைக்கிறேன், உங்க வீடு ஒரு பக்கம் பூசுது."

அன்றிலிருந்து எனக்கும் கரப்பானுக்கும் நேரடிச் சண்டை.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்கிறவள். நாள் முழுக்கச் சிரிக்க வேண்டும். பல்வலிக்காரன் எரிந்து விழுந்தாலும் சிரிக்க வேண்டும், டாக்டர் தாமதமாக வந்ததற்கு என்னைத் திட்டினாலும் சிரிக்க வேண்டும். ஆகவே கோபத்தை எல்லாம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை, மெதுவாக, பூப்போல, ஒரு கீறல் விழாமல் செய்வார். குரலை உயர்த்த மாட்டார். யார் மனசும் கோணக் கூடாது அவருக்கு. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிற மனிதருக்கு அடுப்பு மேடையில் அணிவகுத்துப் போகிற கரப்பான் மட்டும் கண்ணில் படாது.

முதலில் நாங்களாகவே மருந்துக்காரரைக் கூப்பிட்டோம். வாய் ஓயாத மனிதர். தோளில் பை, காதில் போன், பேச்சில் பந்தா. "நான் மருந்து வெச்ச வீட்டுல கரப்பானோட பேரன் பேத்திகூட எட்டிப் பாக்காது மேடம்" என்றார். ஊசிமருந்துக் குழாய் மாதிரி ஒன்றிலிருந்து பழுப்பு நிறப் பசையை எடுத்து, அலமாரிக் கீல், இழுப்பறை மூலை, தொட்டிக்கு அடியில் என்று கடுகு கடுகாக வைத்துவிட்டுப் போனார். சும்மா சொல்லக் கூடாது, வேலை செய்தது. தினமும் காலையில் மல்லாந்து கிடந்ததைக் கூட்டி அள்ளினேன். சிட்டுவின் நெஞ்சு சத்தம்கூடக் கொஞ்சம் அடங்கியது. அடுத்த மாதமே எல்லாம் திரும்பி வந்துவிட்டது, சொந்தபந்தத்தோடு.

மறுபடி கூப்பிட்டுக் கிழித்துத் தொங்கவிட்டேன். பேரன் பேத்தி வராது என்றீர்களே, இப்போது சம்பந்தி வீடே வந்திருக்கிறது என்றேன். அவர் அசரவில்லை. தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் டார்ச்சை அடித்தார். குழாயைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதற்குள் மீசைகள் ஆடின.

"இது உங்க வீட்டு விவகாரம் இல்ல மேடம். கீழ்த்தளத்துலேருந்து மூணாவது மாடி வரைக்கும் நாலு சமையலறையும் ஒண்ணுமேல ஒண்ணு. ஒரே குழாய், ஒரே சந்து. நான் இங்க மருந்து வெச்சா அது மேல் வீட்டுக்குப் போகும். மருந்து தீர்ந்ததும் இறங்கி வரும். நாலு சமையலறையும் ஒரே நாள்ல செய்யணும். அந்தக் குழாய்ச் சந்தையும் திறந்து உள்ள செய்யணும். அப்பத்தான் ஒழியும். இல்லேன்னா நீங்க என்னைக் கூப்பிட்டுட்டே இருக்கலாம், எனக்கும் பொழப்பு ஓடும்."

குழாய்ச் சந்தின் கதவுக்குச் சாவி கட்டடச் சொந்தக்காரரிடம். அவருக்கு அடுத்த தெருவில் டைல்ஸ் கடை. வேலை முடிந்து நேராக அங்கே போனேன். பளபளவென்று வரிசையாக நிறுத்தியிருந்த கழிப்பறைப் பீங்கான்களுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட எங்கிட்டக் கரப்பான்னு வந்து நின்னதில்லையே" என்றார். "நீங்க ஒருத்தங்கதான் சொல்றீங்க."

"அப்ப எங்க வீட்டுக் கரப்பான் மட்டும் வானத்துலேருந்து குதிச்சுதா சார்?"

"கோவிச்சுக்காதீங்க. நாலு வீட்டுல ரெண்டு வீடு இருக்குன்னு சொல்லட்டும். மறுநாளே ஆளை விட்டு மொத்தக் கட்டடத்தையும் செஞ்சு தரேன், என் செலவு. ஒரே ஒரு வீட்டுல மட்டும்தான் இருக்குன்னா, அது கட்டடத்தோட கோளாறு இல்லம்மா. அந்தச் சமையலறையோட கோளாறு."

நாக்கின் நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ரெண்டு வீடு. முதல் மாடியில் எங்களுடையது ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று. இதில் என்ன கஷ்டம், நாலு வீட்டிலும்தான் மேய்கிறதே என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

முதலில் மூன்றாவது மாடிக்கு ஏறினேன். அங்கே பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தனியாக இருக்கிறார். கதவைத் திறந்தார். வாசற்படி நெடுக, சமையலறை நிலை நெடுக, வெள்ளை வெளேரென்று கரப்பான் சாக்பீஸ் கோடு. கோலம் தோற்றது போங்கள்.

"கரப்பானா? நம்ம வீட்டுலயா? சேச்சே."

"அப்ப இந்தக் கோடு?"

"அது எறும்புக்கும்மா" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

இரண்டாவது மாடியில் டீச்சரக்கா. அவருக்குச் சுத்தம் என்றால் உயிர், அதைவிட, சுத்தக்காரி என்ற பேர் என்றால் உயிர். என்னை உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் சுவரில், அவர் நல்லாசிரியர் விருது வாங்கிய படம் மாட்டியிருந்தது. நான் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று இறங்கியது. நல்ல கொழுத்த உருப்படி. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். உடனே நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டு, தலையால் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க பின்னாடி..."

"அது வண்டு" என்றார்.

"எந்தத் தோட்டத்துலேருந்துக்கா?"

"ஜன்னல் வழியா வந்திருக்கும். நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதம்மா. சாப்பிட்ட தட்டை அப்பப்பக் கழுவிடணும். வேலைக்குப் போறேன், நேரமில்லன்னு போட்டு வெச்சா அது வரத்தான் செய்யும். குழந்தை இருக்கிற வீடு வேற." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வண்டு அவர் தோளுக்குப் பக்கத்தில் மீசையை நீட்டியது. அவர் கழுத்தைத் திருப்பவே இல்லை. அந்த வைராக்கியத்தை எங்கே போய்ச் சொல்வது! தட்டு கழுவத் தெரியாதவள் நான், வண்டு வளர்க்கிறவர் அவர். படியிறங்கும்போது என் பல் நறநறவென்றது எனக்கே கேட்டது.

கீழ்த்தளத்தில் ஒரு டிரைவிங் மாஸ்டர் குடும்பம். அவர் மனைவி சின்னப் பெண், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். முகம் மட்டும் தெரிகிற அளவுக்குக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து கரப்பான் ஸ்பிரே வாடை மூக்கைத் துளைத்தது. "எங்க வீட்ல ஒண்ணுகூட இல்லக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தவள், அந்த நெடியிலேயே இருமித் தீர்த்தாள்.

"சிட்டுவுக்கு மூச்சு முட்டுதுடி. அதுக்காகத்தான் வீடு வீடா வந்து நிக்கிறேன். எனக்கு வேற வேலை இல்லன்னு நினைச்சியா?"

படிக்கட்டை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ரகசியம் போலச் சொன்னாள். "இருக்குக்கா. நிறைய இருக்கு. ஆனா நான் முதல்ல சொல்ல மாட்டேன். என் மாமியார் காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான். ஓனர் போன் பண்ணிக் கேக்கட்டும். நீங்க இருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா, முதல் மாடியிலயும் இருக்காமே, எங்க வீட்லயும் கொஞ்சம் வந்திருக்குன்னு நான் சொல்லிடறேன்."

அவ்வளவு போதும் என்றேன். அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாளே டைல்ஸ் கடைக்குப் போய், ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் போட்டு விசாரிக்கும்படி சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதைக்கு. வாங்க வந்தவர்கள் எல்லாம் டைல்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னையே பார்க்கிற மாதிரி சொன்னேன். சனிக்கிழமை எல்லோருக்கும் பேசுகிறேன், முதல் போன் உங்கள் வீட்டுக்குத்தான் என்று அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. சனிக்கிழமை எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் அன்று வீட்டில் இருப்பதாகச் சொன்னதால் அவர் நம்பரையே கொடுத்தேன். "போன் வரும். இருக்குன்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை போதும்" என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சரி சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்டுவுக்கு வந்துவிட்டது. அதுவரை வந்ததைப் போல இல்லை. உதடு நிறம் மாறியது. அம்மா என்று கூப்பிட வாயெடுத்தவளுக்கு 'அம்' வந்தது, 'மா' வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். என் காலில் செருப்பு இல்லை என்பதே ஆஸ்பத்திரி வராந்தாவின் சில்லிப்பில்தான் தெரிந்தது. முகமூடிக்குள் புகை போய்ப் போய், வெகுநேரத்துக்குப் பிறகுதான் அந்தச் சின்னத் தோள்கள் தணிந்தன. டியூட்டி டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை இந்த அளவுக்குப் போனா இங்கேயே சேத்துக்கணும். வீட்டுல வெச்சுச் சமாளிக்கிற கட்டம் இல்ல இது" என்றார். என் வீட்டுக்காரர் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் எல்லாம் வீட்டு வாசல் வரைக்கும்தான்.

மதியம் திரும்பி வந்தபோது மாஸ்டர் மனைவி படிக்கட்டில் நின்றாள். குழந்தையைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். ஓனர் போன் பண்ணினாரா என்று கேட்டேன்.

"பண்ணினாருக்கா. நான்தான் இல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏண்டி? சொல்றேன்னியே!"

"நான் ஓனர்கிட்ட உங்க வீட்டைப் பத்தித்தான்க்கா முதல்ல கேட்டேன். முதல் மாடியில என்ன சொன்னாங்கன்னு. அங்கயே இல்லன்னுட்டாங்களே, அண்ணன்தான் பேசினாராம், இப்ப எல்லாம் சரியாப் போச்சுன்னாராம். நீங்களே இல்லன்னு சொன்னப்புறம் நான் மட்டும் எப்படிக்கா சொல்லுவேன்?"

நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு படி கீழே, சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

நடுப்படியில் கத்தக் கூடாது என்று வீட்டுக்குள் போகிறவரை வாயைக் கட்டிக்கொண்டேன். குழந்தையை முன்னறைக் கட்டிலில் படுக்க வைத்தேன். அசந்து தூங்கினாள். சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அக்கா வந்திருந்தா" என்றார். அவர் அக்கா, என் நாத்தனார். "பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தா. போனைக் காதுல வெச்சதும் அவ என் மூஞ்சியையே பாக்கறா. அவ எதிர்ல போய், ஆமா சார் எங்க வீடு முழுக்கக் கரப்பான்னு எப்படிச் சொல்றது? டீயை அப்படியே வெச்சுட்டுப் போயிடுவா. அம்மாகிட்டச் சொல்லுவா. அப்புறம் உன்னைத்தானே பேசுவாங்க? உன் மானத்துக்காகத்தான்..."

"என் மானத்துக்காகவா?"

"கத்தாத. குழந்தை தூங்குது."

"குழந்தை தூங்கல. மயங்கிக் கிடக்கு! உங்க அக்கா குடிச்ச ஒரு டம்ளர் டீக்காக அவ மூச்சை வித்துட்டு வந்து நிக்கிறீங்க. ஒரே ஒரு வார்த்தை. இருக்கு. அதைச் சொல்ல வாய் வரல உங்களுக்கு. மேல இருக்கிறவ பொய் சொன்னா, அதுக்கும் மேல இருக்கிறவர் பொய் சொன்னார், அவங்க யாரோ. நீங்க அப்பன்!"

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. வருத்தம் இல்லை, அழுகை இல்லை, சுத்தமான கோபம். ஒரு கட்டடம் முழுக்க மானத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பூட்டிய கதவுக்குள் என் பிள்ளைக்குக் காற்று இல்லை. இருக்கிறதா இல்லையா என்றுதானே பேச்சு? காட்டிவிடுகிறேன்.

"நீங்க அவகூடப் போய் இருங்க" என்றேன். "நான் சொல்ற வரைக்கும் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது." அவர் உள்ளே போனதும் முன்னறைக் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தேன். பிறகு வாசல் கதவை விரியத் திறந்து வைத்தேன்.

முதலில் இழுப்பறைகள். ஒவ்வொன்றாக உருவிக் கொண்டுபோய்ப் வாசலுக்கு வெளியே படிக்கட்டுத் தரையில் கவிழ்த்தேன். கரண்டிகள் உருண்டு ஓடிய சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது. பிறகு மிக்ஸி. பிறகு தொட்டிக்கு அடியில் இருந்த மரத் தட்டு, முழுதாக, பெயர்த்துத் தூக்கி வந்து தரையில் ஓங்கித் தட்டினேன். கொட்டியது. பெரிசு, சிறிசு, குஞ்சு, முட்டைக்கூட்டைச் சுமந்துகொண்டு ஓடுகிற பிள்ளைத்தாய்ச்சி என்று ஒன்று விடாமல் கொட்டியது. பட்டப்பகல் வெளிச்சத்தில் என் வீட்டு வண்டவாளம் மொத்தமும் படியில் ஓடியது.

"வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! வந்து பாருங்க எங்க வீட்டுக் கரப்பானை! இதுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? இருக்கு! இவ்வளவு இருக்கு! இப்ப உங்க வீட்டுல என்ன இருக்குன்னு சொல்லுங்க!"

கதவுகள் திறந்தன. மாஸ்டர் மனைவி கீழேயிருந்து எட்டிப் பார்த்து வீலென்று கத்திவிட்டு விளக்குமாறு எடுக்க ஓடினாள். மூன்றாவது மாடியிலிருந்து பேங்க்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "என்னம்மா அநியாயம் இது! குடும்பம் நடத்துற இடமா இல்லையா!" என்றார். டீச்சரக்கா பாதிப் படி இறங்கி வந்து, கீழே நடப்பதைப் பார்த்து, புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு திரும்பி ஏறினார். போன் அதற்குள் காதுக்குப் போய்விட்டது.

"சார், உடனே வாங்க! முதல் மாடிக்காரி கரப்பானை எல்லாம் அவுத்து விட்டுட்டா! எங்க வீடு முழுக்கக் கரப்பான்! தொட்டிக்கு அடியில, மாவு டப்பாவுல, பீரோக்குள்ள, எங்க பார்த்தாலும்!"

கரப்பான்கள் அப்போதுதான் ஆறாவது படியில் ஏறிக்கொண்டிருந்தன. டீச்சரக்கா வீட்டு வாசலை ஒன்றுகூட இன்னும் தொடவில்லை. மாவு டப்பாவாம், பீரோவாம்!

மேலே பேங்க்காரரும் போனில் ஆரம்பித்துவிட்டார். "ஆமாங்க, எனக்கும்தான். அந்தம்மா வீட்டுலேருந்து வந்து குளியலறை, சமையலறை எல்லாம் அடைஞ்சு போச்சு. கோடு போட்டுக் கோடு போட்டுக் கை வலிக்குது." கீழே மாஸ்டர் மனைவி தன் கணவரிடம் கத்திக்கொண்டிருந்தாள், ஓனருக்கு உடனே போன் போடுங்கள், முதல் மாடிக் கரப்பான் நம் சமையலறைக்கு வந்துவிட்டது என்று.

பொய்யர்களா என்று கத்த வாயைத் திறந்தேன். அடக் கடவுளே, இவர்கள் சொல்கிறார்கள்! இருக்கிறது என்று சொல்கிறார்கள்! வீடு வீடாகப் போய்க் கெஞ்சியபோது ஒருத்தரும் ஓனரிடம் சொல்லத் துணியாத வார்த்தை, பழியைப் போட ஒரு ஆள் கிடைத்ததும் மூன்று வீட்டிலிருந்தும் வருகிறது. ஓனர் கேட்டது இதைத்தானே. எனக்கு வேண்டியதும் இதுதானே.

"ஆமா!" என்றேன் மாடியைப் பார்த்து, மூன்றாவது மாடி வரை கேட்கிற மாதிரி. "எல்லாம் எங்க வீட்டுதுதான்! உங்க வீட்டுக்கெல்லாம் இங்கேருந்துதான் வந்துச்சு! நல்லாச் சொல்லுங்க ஓனர்கிட்ட! இருக்குன்னு சொல்லுங்க!"

திங்கட்கிழமையே டைல்ஸ் கடைக்காரர் குழாய்ச் சந்தின் சாவியோடு வந்தார், அதே மருந்துக்காரரையும் கூட்டிக்கொண்டு. நான் லீவு போட்டுவிட்டு, டார்ச்சைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். எந்த வீட்டிலும் ஒரு மூலைகூட விட்டுப்போகக் கூடாது. கீழ்த்தளம் முடிந்தது, எங்கள் வீடு முடிந்தது, மூன்றாவது மாடி முடிந்தது. கடைசியாக டீச்சரக்கா சமையலறை.

நாங்கள் வருவதற்குள் பார்க்கிற இடமெல்லாம் துடைத்து மினுங்க வைத்திருந்தார். மருந்துக்காரர் தொட்டிக்கு அடியில் குனிந்து, குழாயை மறைத்து அடித்திருந்த பலகையைத் திருகாணி கழற்றி எடுத்தார். நான் வெளிச்சம் காட்டினேன். சுவரே தெரியவில்லை. கீழிருந்து மேல் வரை அடையடையாக, பழைய முட்டைக்கூடுகளின் மேல் புதிய கூடுகள், அதன்மேல் கருப்புப் பொடி விரல் கனத்துக்கு. என் மகளின் நெஞ்சில் போய் உட்கார்ந்த பொடி. நாலு வீட்டுக்கும் பிறந்த வீடு இதுதான்.

"அடேங்கப்பா!" என்றார் மருந்துக்காரர். "மேடம், இது நேத்து வந்தது இல்ல. வருஷக்கணக்கா இங்கயேதான்..."

டீச்சரக்கா முகம் வெளுத்தது. பின்னால் வாசலில் ஓனர், அவருக்குப் பின்னால் பேங்க்காரர். எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. சட்டென்று டீச்சரக்கா பலகையை மருந்துக்காரர் கையிலிருந்து பிடுங்கினார். "போதும். எங்க வீட்டுல ஒண்ணும் செய்ய வேண்டாம். எனக்குப் பரீட்சைப் பேப்பர் கட்டுக் கட்டாக் கிடக்கு. எல்லாரும் கிளம்புங்க."

அந்த நிமிஷத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் நான்! தட்டுக் கழுவச் சொல்லிக்கொடுத்தாயே, இது என்ன, இதுவும் ஜன்னல் வழியாக வந்த வண்டா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி வரிசையாக நின்றது வாயில். ஓனர் சாட்சி, பேங்க்காரர் சாட்சி. கேட்டிருக்கலாம். கேட்டால் இந்தக் கதவு சாத்திக்கொள்ளும். சாத்திக்கொண்டால் எல்லாம் இங்கிருந்து மறுபடி இறங்கி வரும்.

"நீங்க சும்மா இருங்கண்ணே, உங்களுக்கு என்ன தெரியும்?" என்று மருந்துக்காரர் மேல் பாய்ந்தேன். "வருஷக்கணக்காவாம்! அக்கா எவ்வளவு சுத்தம்னு கட்டடத்துக்கே தெரியும். இது அத்தனையும் எங்க வீட்டுலேருந்து ஏறி வந்ததுதான். நான்தான் ஒழுங்கா வெச்சுக்கல. மருந்தை வைங்க."

மருந்துக்காரர் என்னைப் பார்த்தார். தோள்பையிலிருந்து மருந்துக் குழாயை எடுத்தார். டீச்சரக்கா கையிலிருந்த பலகை மெல்லத் தரைக்கு இறங்கியது.

"பாத்தீங்களாம்மா" என்றார் ஓனர் வாசலிலிருந்து. "உங்க ஒருத்தரால எத்தனை பேருக்குத் தொந்தரவு."

"ஆமா சார்."

"இனிமேலாவது வீட்டைச் சுத்தமா வெச்சுக்கோம்மா" என்றார் டீச்சரக்கா. குரல் பழையபடி நிமிர்ந்துவிட்டது.

"சரிக்கா" என்றேன்.

கடைசிப் பொட்டு மருந்தை வைத்து முடிக்கிறவரை டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் தூக்கி யார் தலையிலாவது போட வேண்டும் என்று இருந்த வெறி எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வாரத்தில் வருகிறேன், ரெண்டாவது தடவையும் நாலு சமையலறையிலும் செய்தால்தான் முட்டையிலிருந்து வருகிறதும் சாகும் என்று மருந்துக்காரர் எல்லோரிடமும் சொன்னார். டீச்சரக்கா பெரிய மனசு பண்ணித் தலையாட்டினார்.

இறங்கி வந்தால், திருப்பத்தில் என் வீட்டுக்காரர். எல்லாம் கேட்டிருக்கிறார். முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததில்லை.

"என்ன பேச்சு பேசறாங்க உன்னை! நான் போய்க் கேக்கறேன். எல்லாம் அவங்க வீட்டுலேருந்துதான் வந்துச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வரேன். விடு என்னை." நிஜமாகவே ஒரு படி ஏறிவிட்டார்.

சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன்.

"இன்னைக்குத்தான் வாய் வந்துச்சா உங்களுக்கு? பேச வேண்டிய அன்னைக்குப் பேசல, இப்ப பேசினீங்கன்னா கொன்னுடுவேன். மூணு வாரம் கழிச்சு அவங்க மறுபடி கதவைத் திறக்கணும். அதுவரைக்கும் நீங்களும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன். யார் கேட்டாலும் எல்லாம் எங்க வீட்டுதுதான். உங்க அக்கா கேட்டாலும் அதுதான்."

அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. திறந்திருந்த கதவு வழியாக, உள்ளே கட்டிலில் சிட்டு தூங்குவது தெரிந்தது. தோள் தூக்காமல், வாய் திறக்காமல் தூங்கினாள். அவளைப் பார்த்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாடியில் டீச்சரக்கா யாரிடமோ போனில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.